சாகப்போகிறவர்களுக்கு எதற்கு ஆஸ்பத்திரி?

ஜூலை மாதம் 22-ந் தேதி டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி அம்மையார் காலஞ்சென்ற நாள். அதே மாதம் 30-ந் தேதி அவர் பிறந்த நாள். ஆண்டுதோறும் நாட்காட்டியைப் புரட்டுகிறவனுக்கு முதலில் அவருடைய மரணமும், எட்டு நாள் கழித்து அவருடைய ஜனனமும் எதிர்ப்படுகின்றன. 1886-ம் வருஷம் புதுக்கோட்டையில் பிறந்த அவர், 1968-ல், எண்பத்திரண்டு பிராயம் நிறைவதற்கு எட்டு நாட்களே இருக்கையில் மறைந்தார். பிறந்த நாளைத் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் ஆஸ்பத்திரி தினமாக வைத்திருக்கிறார்கள். ஏழைக் கர்ப்பிணிகளுக்குச் சர்க்கார் வழங்கும் உதவித்தொகைத் திட்டத்துக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. இதனால் அப்பெயர் கிராமந்தோறும் விண்ணப்பத் தாள்களில் எழுதப்படுகிறது. எழுதுகிறவர்களில் எத்தனை பேர் அந்த அம்மையார் யார் என்று அறிவார்கள்? நமது ஜில்லாவின் படித்த வாலிபர்களிலேயே பலர் அவரைப் பரீட்சை வினா ஒன்றின் விடையாக மட்டும் அறிந்திருக்கிறார்கள். முதல் பெண் சட்டசபை அங்கத்தினர் யார்? இன்னார். அதற்கு ஒரு மார்க். அவ்வளவுடன் அவர் கதை முடிந்துபோகிறது.

நாம் இன்று அவரைப்பற்றி எழுத முனைந்தது அந்த ஒரு மார்க்குக்காக அன்று. பொது வாழ்வில் ஈடுபட்ட நமது நண்பர்களுக்குச் சாவைப்பற்றி ஓர் எண்ணம் உண்டு. சாவுக்கு அஞ்சாதவன் என்றால் தூக்குமேடை ஏறினவன், அல்லது துப்பாக்கிக்கு மார்பு காட்டினவன் என்பதே அவ்வெண்ணம். இது பிழையென்று நாம் சொல்ல வரவில்லை. கட்டபொம்மன் 1799-ல் பிடிபட்டது இந்தப் புதுக்கோட்டைச் சீமைத் திருக்களம்பூர்ப் பக்கத்தில்தான். பிடித்து ஒப்படைத்தவர் தொண்டைமான் என்ற அவப்பெயர் இன்றும் நம்மைத் தலைகுனியச் செய்கிறது. கயத்தாற்றில் அவன் மாண்ட விதத்தை நினைக்கும்போது நமது மயிர் சிலிர்க்கத்தான் செய்கிறது. அதே சீமையில், அதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, சாவை வேறு விதமாக எதிர்கொண்டவர்களும் இருந்தார்கள். சித்தன்னவாசல் மலையில் ஏழடிப்பட்டம் ஏறிப் போனவர்கள் பாறையில் வழவழப்பாகச் செதுக்கிய படுக்கைகளைப் பார்த்திருப்பார்கள். உலகத்தை உதறிவிட்டு வந்த சமணத் துறவிகளின் படுக்கைகள் அவை. மரணம் நிச்சயம் என்றறிந்து, அதனால் வாழ்க்கையின் பற்றுக்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டவர்கள் அவர்கள்.

ஒன்று வீரனுடைய வழி; மற்றொன்று துறவியின் வழி. இரண்டும் நம்மில் ஆயிரத்தில் ஒருவனுக்கும் ஏற்பட்டதில்லை. நாமெல்லாம் கட்டிலில், நோயில், மெதுவாகச் சாகிறவர்கள். அப்படிச் சாகப்போகிற சாமானியனுக்கு அவனுடைய மிச்ச நாட்களில் என்ன அர்த்தம், அவனைச் சுற்றியிருப்பவர்களுக்கு அவனிடத்தில் என்ன கடமை என்ற கேள்விக்கு முத்துலக்ஷ்மி அம்மையாரின் ஜீவியம் விடை சொல்லுகிறது. அவர் தத்துவம் பேசினவர் அல்லர். மருந்தும் கத்தியும் கைக்கொண்ட வைத்தியர்.

அவர் தகப்பனார் நாராயணசாமி ஐயர் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் முதல்வராக இருந்த அந்தணர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி குலத்தில் பிறந்தவர். இந்த மணத்துக்காக ஐயரைச் சுற்றத்தார் ஒதுக்கிவைத்தார்கள். அக்காலத்தில் அத்தகைய குடும்பத்துப் பெண் குழந்தைக்குச் சமஸ்தானத்துத் தெருக்களில் என்ன மரியாதை கிடைத்திருக்கும் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். தகப்பனார் அவரை வீட்டில் வைத்துப் படிப்பித்து மெட்ரிகுலேஷன் பரீட்சையில் தேறச் செய்தார். பிறகு கல்லூரிக்கு மனுப்போட்டபோதுதான் கலகம் மூண்டது. ஆண்பிள்ளைகள் படிக்கும் இடத்தில் ஒரு பெண்ணா? அதுவும் இந்தக் குலத்துப் பெண்ணா? பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொள்வதாக மிரட்டினார்கள். மகாராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இந்த ஆட்சேபங்களைத் தள்ளி அனுமதி கொடுத்தார். உபகாரச் சம்பளமும் கொடுத்தார். ஒரு தொண்டைமான் செய்ததை மேலே சொன்னோம். மற்றொரு தொண்டைமான் செய்ததையும் சொல்வது நியாயம்.

1907-ல் சென்னை வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-ல் பல பரிசுகளோடு பட்டம் பெற்றார். எழும்பூர் ஸ்திரீகள், குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜனாக அமர்ந்த முதல் பெண் அவரே. 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சரிநிகராக மதிக்கவேண்டும், தமது விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கலாகாது என்ற நிபந்தனைகளை ஏற்றுக்கொண்ட பிறகே அம்மையார் சம்மதித்தார். கலியாணம் 1872-ம் வருஷத்து விவாகச் சட்டப்படி நடந்தது. அச்சட்டம் அன்றிருந்த நிலையில், அதன்கீழ் மணப்பவர்கள் தாங்கள் ஹிந்து மதம் முதலிய எந்த மதத்தையும் அநுஷ்டிக்கவில்லை என்று ரிஜிஸ்திராரின் முன்னே கையெழுத்திடவேண்டும். 1923-ல்தான் இது திருத்தப்பட்டது. சாதி விட்டுச் சாதி மணக்க விரும்பிய ஹிந்துவைப் பொய் சொல்ல வைத்த அச்சட்டத்தைக் கோர்ட்டில் வாதாடுகிற நாம் பிற்காலத்தில் படித்தபோது அடைந்த வெட்கத்தை மறைக்க விரும்பவில்லை.

இங்கே ஒரு கணம் நிற்போம். அந்த அம்மையார் அடைந்துவிட்ட நிலையில் வேறொருவர் நின்றுவிட்டிருந்தால் குறை சொல்ல யாரும் இல்லை. வைத்தியத் தொழில், பணம், கௌரவம், படித்த கணவர், இரண்டு ஆண் குழந்தைகள் எல்லாம் இருந்தன. 1923-ல் அவருடைய தங்கை நோய்வாய்ப்பட்டார். குடலின் கீழ்ப்பகுதியில் புற்று. நோய் இன்னதென்று தெளிவானபோது காலம் கடந்துவிட்டது. தமக்கை வைத்தியர், தமக்கையின் கணவரும் சீமையில் உயர்ந்த பட்டம் பெற்ற ரண வைத்தியர். மாகாணத்தின் மிகச் சிறந்த ஆஸ்பத்திரிகளின் கதவுகள் அவர்களுக்குத் திறந்திருந்தன. இத்தனையும் இருந்து, அந்த இளம்பெண் வேதனையில் கரைந்து போவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியவில்லை.

துக்கம் எல்லா வீட்டிலும் வருகிறது. நெருங்கியவரைச் சுடுகாட்டில் வைத்துவிட்டுத் திரும்புகிறவன் மனத்தில் அன்றைக்கு வைராக்கியம் பிறக்கிறது; குளித்து உண்டபின் அது போய்விடுகிறது. மயான வைராக்கியம் என்று இதற்கு நம்மவர்கள் பெயரே இட்டிருக்கிறார்கள். அம்மையாருக்கு ஏற்பட்டது இந்த ஜாதியைச் சேர்ந்ததன்று. மனிதர் சாவர் என்பதை வைத்தியக் கல்லூரியிலேயே அவர் கற்றிருந்தார். புற்றுநோயில் ஒருவர் தனித்துக் கைவிடப்பட்டுச் சாகவேண்டும் என்ற அவசியம் இல்லை என்பதே தங்கையின் படுக்கையருகில் அவர் கண்டது. அதன்பின் முப்பத்தொரு வருஷம் கழித்தே அவர் நினைத்தது கட்டிடமாக எழுந்தது. அந்த முப்பத்தொரு வருஷத்தையும் அவர் காத்திருந்து கழிக்கவில்லை.

1925-ல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றார். லண்டனில் புற்றுநோய்க்கென்றே ஏற்பட்ட கான்ஸர் ஆஸ்பத்திரியைக் கண்டார். அதன் வரலாறும் ஒரு மரணத்தில் தொடங்குகிறது. டாக்டர் வில்லியம் மார்ஸ்டன் என்பவரின் மனைவி 1846-ல் புற்றுநோயால் இறந்தார். அந்நோயைப்பற்றித் தம் சாஸ்திரத்துக்கு ஒன்றுமே தெரியாது என்று உணர்ந்த மார்ஸ்டன், ஐந்து வருஷத்தில் அந்நோயாளிகளுக்கென ஒரு ஆஸ்பத்திரியைத் திறந்தார். மனைவி பிழைத்து வரப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். கடலுக்கப்பால் முன்பின் அறியாத ஒரு மனிதர் தமது துக்கத்தை என்ன செய்தார் என்பது நமது அம்மையாருக்கு அங்கே கண்கூடாயிற்று.

திரும்பி வந்ததும் வேறு வேலை அவரை அழைத்தது. 1926-ம் வருஷக் கடைசியில் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். அடுத்த மாதமே சபையோர் அவரை ஏகமனதாக உபதலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். குழந்தைகளுக்குத் தனி வைத்திய வசதி, பெண்களின் விவாக வயதை உயர்த்துதல், பள்ளிப் பிள்ளைகளுக்கு வைத்தியப் பரிசோதனை முதலிய பலவற்றுக்கு அவர் போராடினார். அவற்றை விரிக்க இடமில்லை. ஆனால் தேவதாசி விஷயத்தைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. தாய் பிறந்த குலத்தின் பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கவேண்டுமென்று 1927-ல் தீர்மானம் கொண்டுவந்தார். 1929-ல் இயற்றப்பட்ட சட்டம், கோயில் ஊழியத்துக்காக அப்பெண்கள் அனுபவித்துவந்த மானிய நிலங்களை ஊழியப் பந்தத்தினின்றும் விடுவித்து அவர்களுக்கே சொந்தமாக்கிற்று. சட்டம் படித்தவர்கள் இதன் நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். வழக்கத்தை ஒழிக்கிறேன் என்று கிளம்புகிற சீர்திருத்தக்காரர்கள் பலர் அவ்வழக்கத்தில் அகப்பட்டவர்களைத் தெருவில் நிறுத்திவிடுவதுண்டு. அம்மையார் முதலில் நிலத்தை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் பிறகே வழக்கத்தின்மேல் கைவைத்தார். அப்படியும் அக்குலத்துப் பெண்களில் பலர் அவரை எதிர்த்தார்கள். பரம்பரைக் கலையும் சொத்தும் கௌரவமும் ஒருங்கே போய்விடும் என்று அஞ்சி மகஜர் அனுப்பினார்கள். அவர்கள் அச்சம் முழுவதும் வீண் என்று இன்று நம்மால் கூறமுடியவில்லை. சதிராட்டம் வேறு மேடைக்கும் வேறு கைகளுக்கும் போனது எல்லாரும் அறிந்ததே. எனினும், தானாக ஏதும் முடிவு செய்யத் தெரியாத பிராயத்துச் சிறுமியைப் பொட்டுக்கட்டும் உரிமை எவருக்கும் இல்லை என்பதில் நமக்கு ஐயமில்லை.

இந்தப் போரில் அவருக்கு எதிரே நின்றவர்களில் முக்கியமானவர் நமது திருமயத்தில் பிறந்த ஸ்ரீ எஸ். சத்தியமூர்த்தி என்பதை நாம் மறைத்தால் தேசபக்தர்களின் அபிமானத்துக்குப் பாத்திரமாவோம், உண்மைக்குத் துரோகிகளாவோம். ஒரே சீமையில் ஓராண்டு வித்தியாசத்தில் பிறந்த இருவர். ஒருவர் சுயராஜ்யத்தின் நாவலர். மற்றவர் சமூகத்தின் வைத்தியர். இவ்விஷயத்தில் சத்தியமூர்த்தியின் பக்கம் நியாயம் இருந்ததென்று நாம் எண்ணவில்லை. ஆனால் அவரும் தம் ஆயுளுக்கு அப்பால் பார்த்தவர். சென்னை மேயராயிருந்து அவர் பாடுபட்டுத் தொடங்கிய பூண்டி நீர்த்தேக்கம் 1944-ல் முடிந்தது. அவர் அதற்கு முந்தின ஆண்டு மார்ச்சு மாதத்திலேயே, சிறையில் சீர்குலைந்த உடலோடு, சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் உயிர் நீத்தார். பூண்டித் தண்ணீரில் அவர் ஒரு குவளையும் குடிக்கவில்லை.

1930-ல் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்து காந்தியடிகள் சிறைப்பட்டார். அம்மையார் சட்டசபைப் பதவியை ராஜிநாமாச் செய்தார். நியமனம் பெற்று வந்தவர். காங்கிரஸ் கட்சிக்காரரும் அல்லர். விலகவேண்டுமென்று அவரை யாரும் கட்டாயப்படுத்தியிருக்க முடியாது. பொட்டுக்கட்டுவதையே அடியோடு தடுக்கும் மசோதா அவ்வாண்டுத் தொடக்கத்தில்தான் அவரால் கொண்டுவரப்பட்டிருந்தது. இன்னும் சில காலம் நாற்காலியில் இருந்தால் அது நிறைவேறலாம். தமது பெயரால் ஒரு சட்டம் நிற்கும். பொது வாழ்வில் உள்ளவர்களுக்கு இந்தச் சோதனையின் கூர்மை தெரியும். எடுத்த காரியம் முடியும்வரையில் இருந்துவிடலாம் என்ற சமாதானத்தைவிட மனத்துக்கு இனிய சமாதானம் வேறில்லை. அவர் எழுந்து போய்விட்டார். அந்தச் சட்டம் 1947-ல்தான், பதினேழு வருஷம் கழித்து, சென்னையின் 31-வது சட்டமாக நிறைவேறிற்று. நல்லவேளையாக அதைக் காண அவர் இருந்தார்.

சபையை விட்டதும் வேலை குறைந்ததா? அவ்வாண்டிலேயே ஓர் இரவு, பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பிய மூன்று பெண்கள் தங்க இடமின்றி அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். பட்டணத்து விடுதிகள் இவர்களைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. அம்மூவருக்காகத் தம் வீட்டிலேயே தொடங்கியது அவ்வை இல்லம். பின்னர் அது அடையாற்றில் நிலைபெற்று, பல தலைமுறை அநாதைப் பெண்களுக்குத் தாய்வீடாயிற்று.

இனி, நாம் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருவோம். 1935-ல் சென்னை வைத்தியக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் புற்றுநோய்க்கென ஓர் ஆஸ்பத்திரி வேண்டும் என்று அம்மையார் பகிரங்கமாகக் கூறினார். யாரும் அசையவில்லை. யுத்தம் வந்தது, போயிற்று, சுதந்திரமும் வந்தது. 1949-ல் இந்திய மாதர் சங்கத்தின் ஆதரவில் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றை ஏற்படுத்தினார். அப்போது அவருக்கு அறுபதுக்கு மேல் பிராயம். சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் ஓய்வு பெற்றுப் பேரன் பேத்திகளோடு விளையாடும் வயதில் அவர் உண்டியலைக் கையிலெடுத்தார்.

பணம் ஒரு கஷ்டம்; மனம் அதனினும் பெரிய கஷ்டம். புற்றுநோய்க்காரர்கள் எப்படியும் சாகத்தானே போகிறார்கள், அவர்களுக்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்று ராஜ்ய சர்க்காரில் பொறுப்புள்ள இடத்திலிருந்தே கேள்வி வந்ததாக, அவ்வாஸ்பத்திரியில் ஆயுள் முழுதும் உழைத்தவர்கள் பிற்காலத்தில் சொல்லி வந்தார்கள். இக்கேள்வியைக் கேட்டவரைக் கொடியவர் என்று நாம் எண்ணவில்லை. ஏழை நாடு, காலரா, அம்மை, க்ஷயம் முதலியவை கிராமங்களை வாரிக்கொண்டு போகின்றன, இருக்கிற சொற்பப் பணத்தைப் பிழைக்கக்கூடியவர்களுக்குச் செலவிடலாமே என்று நிர்வாகி ஒருவர் நினைப்பது இயல்பு. நமது வீடுகளிலும் இதே கேள்வி தாழ்ந்த குரலில் கேட்கப்படுகிறது. கிழவருக்கு இனி என்ன, செலவு செய்து என்ன பயன் என்று திண்ணையில் பேசிக்கொள்கிறோம்.

ஆயினும் வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு இவ்வாதத்தின் ஓட்டை கண்ணில் படாமற் போகாது. ஊரிலுள்ள எல்லாரையும் குற்றவாளியாக்குகிற சாட்சி எந்த ஒருவனையும் குற்றவாளியாக்காது. எப்படியும் சாகப்போகிறவர்களுக்கு ஆஸ்பத்திரி வேண்டாம் என்றால், எந்த ஆஸ்பத்திரியைத் திறந்து வைப்பது? அம்மைக்குத் தப்பினவன் சாகவில்லையா? காலராவில் பிழைத்தவன் சிரஞ்சீவியா? கேள்வி கேட்டவரும் அந்தக் கணக்கில் சேர்ந்தவர்தாமே? சாகப்போகிறவனுக்குப் பள்ளிக்கூடம் எதற்கு, வோட்டு எதற்கு, சுயராஜ்யந்தான் எதற்கு? சாவு எல்லாருக்கும் பொதுவாதலால், எவனுக்கு எதை மறுப்பதற்கும் அது காரணமாகாது.

அன்றியும் அந்த வாதம் உண்மையாலும் பிழையானது. அந்நாளில் சென்னைப் பக்கத்தில் மிகுதியாகக் கண்டவை ஏழைப் பெண்களுக்கு வரும் கருப்பை வாய்ப் புற்றும், வெற்றிலையோடு புகையிலை அடக்குகிறவர்களுக்கு வரும் வாய்ப் புற்றும். இவ்விரண்டும் ஆரம்பத்தில் கண்டுகொண்டால் கத்தியாலும் ரேடியத்தாலும் கதிர்களாலும் குணமாகக்கூடியவை. ஆனால் ஆரம்பத்தில் எவரும் வருவதில்லை. ஏன் வருவதில்லை? இது வந்தால் சாவுதான் என்று ஜனங்கள் நம்பியதால். வராததனால் செத்தார்கள், செத்ததனால் நம்பிக்கை இன்னும் உறுதிப்பட்டது. இந்தச் சுழலை எங்கேயாவது அறுத்தாகவேண்டும். அதற்கு இடந்தான் அம்மையார் கேட்டார்.

1952-ம் வருஷம் அக்டோபர் மாதம் அடையாற்றில் பிரதமர் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1954-ம் வருஷம் ஜூன் மாதம் 18-ந் தேதி புற்றுநோய் நிலையம் திறந்து வேலை தொடங்கிற்று. அதற்குப் பன்னிரண்டு படுக்கைகள். வெளிநாடு சென்று இந்நோய் வைத்தியத்தில் பயிற்சி பெற்றுவந்த அவர் புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதன் பொறுப்பை ஏற்றார். அடுத்த ஆண்டு டாக்டர் வி. சாந்தா என்ற இளம்பெண், கையிலிருந்த சர்க்கார் உத்தியோகத்தை விட்டுவிட்டு, அங்கே வந்து சேர்ந்தார். பன்னிரண்டு படுக்கையுள்ள ஓர் இடத்துக்குப் போவதற்காக நிரந்தர உத்தியோகத்தை விடுகிற பெண்ணைப்பற்றி அன்று அவர் உற்றார் உறவினர் என்ன பேசியிருப்பார்கள் என்று நினைத்தால் நமக்குச் சிரிப்பு வருகிறது. பிற்பாடு கோபால்ட் கதிர் யந்திரம் இந்தியாவில் முதன்முதலாக அங்கேதான் வந்திறங்கிற்று.

அம்மையாருடைய கணக்கை இங்கே பார்க்கவேண்டும். ஆஸ்பத்திரி திறந்தபோது அவருக்கு அறுபத்தேழு முடிந்து அறுபத்தெட்டு நடந்துகொண்டிருந்தது. அதன்பின் பதினான்கு வருஷமே உயிரோடிருந்தார். குழந்தைகளின் ரத்தப் புற்று பெரும்பாலும் குணமாகிற காலத்தை அவர் காணவில்லை. ஒரு நகரத்தின் புற்றுநோயாளிகளை ஆண்டுதோறும் எண்ணிப் பதிவு செய்து, நோயின் போக்கை அளக்கும் பதிவேடு அந்நிலையத்தில் 1981-ல் ஏற்பட்டது. அதையும் அவர் காணவில்லை. பன்னிரண்டு படுக்கை பல நூறு படுக்கையானதும் அவருக்குப் பின்னரே. 1956-ல் பத்மபூஷண் விருது வந்தது. வந்ததை வாங்கி வைத்துவிட்டு மறுபடியும் நிதி திரட்டப் போய்விட்டார். டாக்டர் கிருஷ்ணமூர்த்தி 2010-ல் காலமானார். டாக்டர் சாந்தா அறுபத்தைந்து வருஷத்துக்கு மேல் அதே வளாகத்தில் உழைத்து, தொண்ணூற்று மூன்றாவது வயதில், 2021-ம் வருஷம் ஜனவரி மாதம் மறைந்தார். சாவைப்பற்றிய ஒரு கேள்விக்கு விடையாக எழுந்த ஸ்தாபனத்தில், விடை சொல்ல வந்தவர்களும் ஒருவர்பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். கதவு மாத்திரம் திறந்திருக்கிறது.

அங்கே வருகிறவர்கள் எல்லாரும் குணமடைந்து திரும்புகிறார்கள் என்று நாம் எழுதினால் அது பத்திரிகைக்காரனின் பொய்யாகும். பலர் இன்றும் காலங்கடந்தே வருகிறார்கள். வைத்தியத்தின் கை எட்டாத நோயாளியை வீட்டுக்குப் போ என்று கதவைச் சாத்துவதா, அல்லது அவன் வலியையாவது தணித்து, கடைசி வரையில் மனிதனாக நடத்துவதா என்பது தினந்தோறும் எழுகிற கேள்வி. 1923-ல் தங்கையின் கட்டிலருகே உட்கார்ந்திருந்த வைத்தியருக்கு வந்த கேள்வியும் அதுவேதான்.

சில மாதங்களுக்கு முன் நாம் ஒரு வழக்கு விஷயமாகப் புதுக்கோட்டையிலிருந்து சென்னைக்கு இரவு ரயிலில் போகவேண்டியிருந்தது. எதிர் ஆசனத்தில் ஆலங்குடிப் பக்கத்துக் குடியானவர் ஒருவர், ஐம்பது பிராயத்தவர், மனைவியோடு உட்கார்ந்திருந்தார். மடியில் ஜவுளிக்கடைப் பை. அதற்குள் ஆஸ்பத்திரிச் சீட்டுக்களும் படங்களும். அந்த அம்மாளுக்கு மூன்றாம் தடவையாக அடையாற்றுக்குப் போகிறார்களாம். நிலத்தில் பாதியை ஒத்திக்கு வைத்ததையும், இவ்வருஷம் மழை தவறியதையும், டாக்டர்கள் முகங்கொடுத்துப் பேசுவதையும் சொல்லிக்கொண்டு வந்தார். அந்த ஆஸ்பத்திரியைக் கட்டின அம்மாள் புதுக்கோட்டைக்காரர் என்று நாம் சொன்னோம். அவருக்கு அது தெரியாது. வியப்போடு மனைவி பக்கம் திரும்பி அதைத் திருப்பிச் சொன்னார். பிறகு, அந்த அம்மாள் இப்போது இருக்கிறார்களா என்று கேட்டார். 1968-லேயே போய்விட்டார்கள் என்றோம். சற்று நேரம் பேசாமலிருந்தார். நம்மைப் போன்ற படித்தவனாக இருந்தால் அவ்விடத்தில் ஏதாவது வேதாந்தம் பேசியிருப்பான். அவரோ, காலையில் சீக்கிரம் போய்ச் சீட்டுப் போட்டால்தான் அன்றைக்கே பார்த்து முடியும் என்று சொல்லி, மனைவியின் தலைக்குத் துண்டை மடித்து வைத்தார். தாம்பரம் வந்ததும் தங்களை எழுப்பிவிடும்படி நம்மிடம் கேட்டுக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.